குறைந்த நீரும் கொண்ட ஐயமும்

வீட்டில் ஒரு பொருள் குறைந்துபோனால் முதற்பார்வை வேலையாளின் மீதே விழுகிறது. அது முறையன்று என்பதை நாம் அறிவோம். அறிந்தும் பார்வை அங்கேதான் செல்கிறது. 2012ஆம் ஆண்டு நம் வீட்டுக் காரில் தண்ணீர் குறைந்தபோதும் அதுவே நிகழ்ந்தது.

காயல்பட்டினத்தில் வாப்பா விட்டுச் சென்ற கார் அது. அப்போதே அதற்கு இருபது வயது கடந்திருந்தது. வாப்பாவின் காலந்தொட்டு அதனை ஓட்டி வந்தவர் நம்மைவிட மூத்தவர். நாம் அவரை ‘அண்ணாச்சி’ என்போம்; அவர் நம்மைத் ‘தம்பி’ என்பார். மாதம் ஒருமுறை உம்மாவைப் பாளையங்கோட்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அக்காரில்தான்.

அவ்வாண்டுக் கோடையில் ஒருநாள், செய்துங்கநல்லூரைத் தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தொட்டது சட்டென்று கீழே இறங்கியது. “சூடு தணிந்துவிட்டது, போகலாம்” என்றோம். அண்ணாச்சியோ காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிற்று. உம்மாவை மர நிழலில் அமர்த்தினோம்.

“தண்ணீர் ஊற்றினீர்களா, அண்ணாச்சி?”

“காலையிலகூட ஊத்துனேன், தம்பி. தெனமும் ஒரு லிட்டர் குடிக்குது.”

குனிந்து பார்த்தோம். தரையில் ஒரு சொட்டும் இல்லை. வீட்டுக் கொட்டகையிலும் ஈரம் கண்டதில்லை. ஒழுகாத தண்ணீர் எங்கே போகும்? அவர் ஊற்றவேயில்லை, பொய் சொல்கிறார் என்று நாமே தீர்ப்பெழுதினோம். எழுதியதோடு நில்லாமல், உம்மா கேட்க அதனைச் சொல்லியும் விட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை.

சினத்தோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினோம். அந்தக் கையைப் பற்றி நிறுத்தியவரும் அவரே. மூடியின் உள்ளே நீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. ஆகையால் 100 பாகை செல்சியஸைக் கடந்தும் அது கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்து அழுத்தம் நீங்கிய கணமே கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருந்து, பின்னர் சிறுகச் சிறுக நீர் வார்த்து, மெல்ல ஓட்டிப் பாளையங்கோட்டை சேர்த்தார்.

அங்கே ஒரு முதிய மெக்கானிக் யாரையும் குறை கூறவில்லை; சோதித்தார். கைப்பம்பு ஒன்றை ரேடியேட்டரின் வாயில் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். குழாய்களில் கசிவில்லை; நீர் பம்பின் அடித்துளையிலும் ஈரமில்லை. ஆயினும் அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல இறங்கியது. வெளியே வராத நீர் உள்ளேதான் போகிறது என்றார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். மூன்று கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்தாற்போல் வெண்மையாயிருந்தது. எஞ்சினைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியே நீர் தூவானமாய்ச் சிதறியது.

சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் சிதைந்து, நீர் நெருப்பறைக்குள் புகுந்து, புகைக்குழாய் வழியே ஆவியாய்ப் போயிருக்கிறது. அண்ணாச்சி ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் நம் கண்முன்னே வெண்புகையாய்ப் போயிற்று, நாம் பார்க்கவில்லை. முள் சட்டென்று இறங்கியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. வெப்பம் உணரும் கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் வற்றிய பின் அது காட்டிய அமைதி பொய்யான அமைதி.

கேஸ்கட் ஏன் சிதைந்தது? ரேடியேட்டரைக் கழற்றியபோது அதன் நுண்குழாய்களில் பாதி, சுண்ணாம்புப் படிவால் அடைபட்டிருந்தன. நம் கடலோரக் கிணற்றின் உப்பு நீர் பல்லாண்டுகளாகச் செய்த வேலை அது. கூலண்ட் வாங்கித் தரும்படி அண்ணாச்சி இருமுறை கேட்டிருந்தார். “கிணற்றில் தண்ணீர் இல்லையா?” என்று கேட்டவர்கள் நாம். குற்றவாளியைத் தேடிப் புறப்பட்ட நாம் நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தோம்.

பழைய கார் வைத்திருப்போர் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. நீர் குறைந்தால் வார்ப்பதோடு நிறுத்தாமல், எங்கே போகிறது என்று கேளுங்கள். நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறியைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள். எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நீங்காவிட்டாலும், எண்ணெய் மூடியின் அடியில் பால்நிற நுரை படிந்திருந்தாலும் கேஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகச் சோதித்தால் இயந்திரம் தன் நோயைத் தானே சொல்லிவிடும்.

ஆதாரமின்றி ஐயம் கொள்ளுதலை நம் மார்க்கம் வன்மையாகத் தடுக்கிறது. அடியானுக்கு இழைத்த தீங்கை அந்த அடியானே மன்னிக்கவேண்டும் என்பதும் நாம் சிறுவயதில் மதரஸாவில் கற்றதே. அன்று மாலை, உம்மா கேட்கவே, அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவமதித்த இடத்தில்தானே மன்னிப்பும் கேட்கவேண்டும்?

“வண்டி சரியாயிட்டுல்லா தம்பி, அது போதும்” என்றார் அவர்.

கேஸ்கட்டின் விலை நமக்கு மறந்துவிட்டது. அந்தச் சொல் மறக்கவில்லை.