எல்லை கடந்து வரும் கலைமகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரே எதிர்பார்ப்புத்தான். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவி எந்நாளில் இவ்வழி எழுந்தருள்கின்றாள் என்பதே அது. பிழைப்பை நாடி வெளியூர் வந்துள்ள நம் சங்கத்துக் குடும்பங்கள் சில அவ்வூர்களைச் சேர்ந்தவை. ஆதலின் வரவிருக்கும் நவராத்திரி இசைவிழாவைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

பத்மநாபபுரம் முன்னாளில் திருவிதாங்கூரின் தலைநகர். அங்குள்ள தேவாரக்கட்டுச் சரஸ்வதி, கம்பர் பூசித்த திருவுருவம் என்பது வழிவழி வரும் ஐதிகம். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர், நவராத்திரிக்குத் தேவியும் அங்கே சென்று வருவது மரபாயிற்று. சரஸ்வதி யானை மீதும், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் புறப்படுகின்றனர். முதல் இரவு குழித்துறையிலும், மறு இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலிலும் தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கின்றனர்.

1956 நவம்பர் 1 அன்று இப்பாதையின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு அப்புறம், தங்கை வீடு இப்புறம் என்றாயிற்று. ஆயினும் தேவியின் பயணம் நிற்கவில்லை. இன்றும் களியக்காவிளையில் கேரள அரசின் சார்பில் வரவேற்பு நடைபெறுகின்றது. அக்காட்சியைக் கண்ட எம் சிறுமகள், “அப்பா, எல்லை தாண்டச் சாமிக்கும் டிக்கெட் வேண்டுமா?” என்று வினவினாள். ரயில்வே குமாஸ்தாவின் மகளல்லவா! “இவ்வழியில் அவளுக்கு எல்லையே இல்லை, அம்மா” என்றோம்.

கோட்டையகத்து நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளிலும் கச்சேரி நிகழும். எண்ணெய் விளக்கொளியே ஒளி. கைதட்டலுக்கு அங்கே இடமில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனங்களே ஒவ்வொரு நாளின் உயிர்நாடி. முதல் நாள் சங்கராபரணம். பின்னர் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. பாடுவோர் மாறுவர், இவ்வரிசை மாறுவதில்லை. இன்ன நாளில் இன்ன ராகம் என்று அறிந்தே ரசிகர்கள் வந்து அமர்வர்.

எம் பாட்டியார் பாறசாலைச் சாலையோரத்தில் நிலவிளக்கேற்றி, தேவியின் வரவுக்காகக் கால்கடுக்க நின்றவர். அந்நாளில் மண்டபத்தில் ஆடவரே பாடினர். “கலைமகளும் பெண்தானே? அவள் முன் ஒரு பெண் ஏன் பாடலாகாது?” என்று அவர் ஒருமுறை கேட்டார். விடை சொல்ல எங்கள் வீட்டில் எவருமிலர்.

விடை எங்கள் ஊரிலிருந்தே வந்தது. 1924-இல் பாறசாலையில் பிறந்தவர் பொன்னம்மாள். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்று, பின்னர் ஆசிரியராய்ப் பலருக்குக் கற்பித்தவர். 2006-ஆம் ஆண்டு, தம் 81-ஆம் வயதில், அம்மண்டபத்தில் பாடிய முதற் பெண்மணி என்னும் சிறப்பினை எய்தினார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021-இல் மறைந்தார். எம் பாட்டியார் 2006 வரை இருந்திலர். இருந்திருப்பின், அன்று விளக்கில் இன்னும் ஒரு திரி கூட்டியிருப்பார்.

இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்வோர், புரட்டாசி அமாவாசைக்கு முன்னரே சென்று சேர்வது நலம். நெய்யாற்றின்கரையில் தேவியைத் தரிசித்தபின் ரயிலேறினால், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் திருவனந்தபுரம். நிலையத்திலிருந்து கோட்டை நடை தூரமே. ஆடவர் வேட்டி அணிதல் வழக்கம். மாலை ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கும். முன்னதாகவே சென்று அமர்க.

பிள்ளைகளை மறவாது அழைத்துச் செல்லுங்கள். “நமக்கு ஊர் எது? அது தமிழ்நாடா, கேரளமா?” என்று அவர்கள் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு நாம் வீட்டிலிருந்து சொல்லும் மறுமொழியைவிட, யானை மீது வரும் அவ்வன்னையைச் சாலையோரம் நின்று காண்பதே தெளிவான மறுமொழியாகும்.