வக்கீல் முதலில் என்ன கேட்டார்?

சித்திரை மாதம். தோப்பில் மாங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து கூடைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகள் வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். கையில் ஒரு தபால் உறை.

"பெரியம்மா, பிள்ளையைக் கேட்டு நோட்டீஸ் விட்டிருக்காக" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவராமல், ஐப்பசியில் நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். யார் மேல் தப்பு என்ற கதைக்கு நான் போகவில்லை. இரண்டு பக்கமும் உண்டு. நான் மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பில் இருக்கிறேன். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். மனசு கனத்தால் அவள் இங்கே ஓடி வந்துவிடுவாள்.

நோட்டீஸைவிட அவளை உலுக்கியது வேறொன்று. "ஆவணியில பிள்ளைக்கு அஞ்சு முடியுது. அஞ்சு முடிஞ்சா பிள்ளை அப்பாவுக்குத்தான்னு எல்லாரும் சொல்றாங்களே பெரியம்மா?"

எனக்கும் அப்போது அதற்குப் பதில் தெரியவில்லை. வக்கீலைப் பார்ப்போம் என்றேன். விருதுநகர் மாவட்டம் என்று பெயர் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆகவே எங்கள் ஊரில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை. யாரைப் பிடிப்பது என்பதுதான் திண்டாட்டம். வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் ஒரு பெயர் சொன்னார்கள். வரப்புத் தகராறில் ஜெயித்துக் கொடுத்தவர், செக் கேஸில் புலி, ராஜபாளையத்தில் பெரிய மில்லுக்கே ஆஜராகிறவர் என்று ஆளுக்கொரு சிபாரிசு. பிள்ளை விஷயம் பார்க்கிறவர் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பல் வலிக்கு எலும்பு டாக்டரிடம் போவோமா? கோர்ட் விஷயத்தில் மட்டும் போகிறோம்.

குரல் பெரிதாக இருந்த ஒருவரிடம் போனோம். பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு? சொத்து என்ன இருக்கு?"

சொன்னாள்.

"குடிப்பாரா?"

"இல்லை சார்."

"அடிப்பாரா?"

"கை நீட்டினதில்லை சார்."

"சரி, அதெல்லாம் எழுதிக்கலாம். பிள்ளைகிட்ட அப்பா நடந்துக்கிற விதம் சரியில்லைன்னு ஒரு வரி சேர்த்தா ஆள் தானா இறங்கி வருவார். மூணே மாசம், பிள்ளை நிரந்தரமா உங்க கையில."

மூணே மாசம் என்றதும் இவள் முகம் மலர்ந்துவிட்டது. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள். வளையலை அடகு வைத்து இருபத்தைந்தாயிரம் கொடுத்தாள். ரசீது கிடையாது. பிறப்புச் சான்றிதழின் அசலையும் கேட்டார், அதையும் கொடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் தடுக்கவில்லை. என் தலைமுறைக்கு வக்கீல், டாக்டர் முன்னால் வாய் திறக்க வராது.

அன்றைக்கு ராத்திரி தோப்பு வீட்டில் தங்கினாள். பிள்ளை தூங்கிவிட்டது. இவள் தூங்கவில்லை. "அவுக மேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கு பெரியம்மா. ஆனா அந்த ஒரு வரி பொய். நாளைக்கு இவ வளர்ந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் படிச்சா, என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரம் பேசிய அந்த மனிதர், பிள்ளையின் பெயரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மறுவாரம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். இதை இரண்டு தடவை படியுங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வக்கீல் கிடைக்க உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் போன் செய்தும் விவரம் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு எனக்கும் இருந்தது. இப்போது இல்லை.

அவர்கள் கொடுத்த வக்கீல் ஒரு நடுத்தர வயது அம்மாள். பெண் வக்கீல்தான் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். "பிள்ளை பேரு என்ன? ராத்திரி யார் பக்கத்துல படுத்துக்கும்? காய்ச்சல்னா யார் தூக்கிட்டு ஓடுறது? எந்த ஸ்கூல்ல சேர்த்திருக்கீங்க? நீங்க வேலைக்குப் போனா யார் பார்த்துப்பாங்க?" ஒவ்வொன்றுக்கும் இவள் பதில் சொன்னாள். கடைசியாக, "அப்பாகிட்ட போன்ல பேசுதா?" என்றார்.

"நான் விடறதில்லை மேடம்."

"எத்தனை மாசமா?"

"வந்ததுலேருந்து. ஆறு மாசமா."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கேஸ்ல ஓட்டையே இதுதான். அவர் இதைத்தான் முதல்ல சொல்லுவார். ஜட்ஜும் இதைத்தான் முதல்ல கேட்பார். இன்னைக்குச் சாயங்காலமே பேச வைங்க."

வெளியே வந்ததும் இவளுக்கு வந்ததே கோபம்! "இவுக நமக்கு வக்கீலா, அவுகளுக்கு வக்கீலா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் போன் போட்டாளா என்றால், இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் போட்டாள்.

ஐந்து வயசுச் சந்தேகத்தையும் வக்கீலம்மாவே தீர்த்தார். 1956-ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில், ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதே சட்டம் பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று விளக்கியது. அதற்கும் முன்னால், 1973-இல், சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற கருத்தை அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், எந்த ஊர் கோர்ட் என்பது. நோட்டீஸ் கோவையிலிருந்து வந்தது. 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டப்படி, பிள்ளை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும். ஆறு மாதமாக இங்கே இருக்கிறது, பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாயிற்று. அதற்கு முன் கோவையில் இருந்தது. "இங்கேயே போடுவோம். அவங்க ஆட்சேபிப்பாங்க. நமக்குச் சாதகமாத்தான் வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. மூணு மாச சத்தியத்தைக் கேட்ட காதுக்கு இது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

இந்த ஊர் விஷயம் அற்பமல்ல. ஜே. கிருஷ்ணமூர்த்தி பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவரையும் அவர் தம்பியையும் தகப்பனார் நாராயணய்யா 1910-இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் பொறுப்பில் விட்டார். பிறகு மனம் மாறி, பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு 1912-இல் வழக்குப் போட்டார். தகப்பனாருக்கு வக்கீல் சாதாரணமானவரா? சி.பி. ராமசாமி ஐயர்! அம்மையாரோ வக்கீலே வைக்காமல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடினார். 1913-இல் தகப்பனார் ஜெயித்தார். ஆனால் பிள்ளைகள் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்கள். வழக்குத் தொடங்கியது செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில். அந்த எல்லைக்குள் வசிக்காத பிள்ளைகளைப் பற்றி உத்தரவிட அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்ல, ஜெயித்த கேஸ் போயிற்று. அத்தனை பெரிய வக்கீல் இருந்தும் இப்படி. ஆகவே, "இந்த மனுவை எந்த ஊர் கோர்ட்டில் போடுவீர்கள், ஏன்?" என்று உங்கள் வக்கீலைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அசல் காகிதங்களுக்காக முதல் வக்கீலிடம் திரும்பப் போனோம். மனு எதுவும் போடவில்லை. ஆனாலும், "பாக்கி பீஸ் கொடுத்துட்டுக் கட்டை வாங்கிக்குங்க" என்றார் குமாஸ்தா. பீஸ் பாக்கிக்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். வக்கீலம்மா எழுதிக் கொடுத்தபடி ஒரு கடிதம் போட்டோம். பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. பணம் வரவில்லை, வளையலும் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வக்கீலிடம் நகல் கொடுங்கள். அசலைக் கோர்ட் கேட்கும்போது காட்டினால் போதும். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ஜெயித்தால் கிடைப்பதில் இத்தனை பங்கு என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதிப்படி அப்படிப் பீஸ் பேசக் கூடாது.

இங்கே போட்ட மனுவைக் கோர்ட் சமரச மையத்துக்கு அனுப்பியது. போகுமுன் வக்கீலம்மா ஒன்று மட்டும் கண்டித்துச் சொன்னார்: "பிள்ளைக்கு எதையும் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வராதீங்க." கோவைதான் சரியான ஊர் என்ற எதிர்த்தரப்பு ஆட்சேபணை அப்படியே நிற்கிறது. கேஸ் முடியவில்லை. ஆனால் ஆடி கடைசியில் ஓர் இடைக்கால ஏற்பாட்டுக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளை அம்மாவிடம் இருக்கும். புதன்கிழமை வீடியோவில் அப்பாவோடு பேச்சு. ஞாயிறு விட்டு ஞாயிறு அவர் வந்து பார்க்கலாம்.

தாய் வீட்டு வாசலில் அவர் வந்து நிற்பதை இவளால் தாங்க முடியாது. அதனால் என் தோப்பில் சந்திப்பது என்று ஏற்பாடு. ஆவணி முதல் ஞாயிறு, பால்கோவா டப்பாவோடு வந்து இறங்கினார். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீகளா அத்தை?" என்றார். பிள்ளை முதலில் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கால் மணி நேரம் கழித்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, பெரிய அணில் கூடு காட்டுறேன்" என்று புளியமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. சாம்பல் நிற மலை அணில். எங்கள் மாம்பழத்தில் பாதியைத் தின்பது அதுதான். அரசாங்கம் 1988-இல் அதற்கென்று இங்கே சரணாலயமே ஏற்படுத்தியிருக்கிறது, என்ன செய்வது!

இவள் அடுக்களை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரும்பி, "பெரியம்மா, அவுகளுக்குக் காபி போடணுமா?" என்று கேட்டாள்.

"பால் அடுப்பில்தான் இருக்கு" என்றேன்.