நேயர்

வானொலி அறிவிப்பாளர் பேச்சைத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் எழும் சொல் 'நேயர்களே' என்பது. ஆங்கிலத்தில் அவ்விடத்தில் வழங்கும் 'லிசனர்' என்னும் சொல்லுக்குக் கேட்பவர் என்பதே பொருள். தமிழிலும் 'கேட்போரே' என்று அழைத்திருக்கலாம். பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் நம் வானொலி அதனோடு அமையவில்லை. நேயம் என்பது அன்பு, நேயர் அன்புடையவர். முகமறியா ஒருவரை முதற்சொல்லிலேயே அன்பர் என்று அழைப்பது துணிவான செயலே அன்றோ?

சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் தொடங்கிற்று; மறு ஆண்டில் திருச்சி நிலையம் எழுந்தது. பின்னர் 1957இல் விவித பாரதி வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியும் தமிழகத்தின் செவிகளைக் கவர்ந்தது. இவை வளர்த்த வழக்குகளுள் ஒன்று 'நேயர் விருப்பம்'. அதன் முழுப்பொருளை அறிய, அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூரை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அது நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். குழித்தறியில் அமர்ந்தவரின் கால் மிதியை அழுத்தும். கை நாடாவை ஓட்டும். கண் இழை அறுகிறதா என்று பார்த்திருக்கும். வேலையின்றி இருப்பது காது ஒன்றே. நாளிதழ் படிக்க இயலாத அந்நேரத்திலும் வானொலி கேட்கலாம். தறியின் ஓசை பாட்டில் பாதியை விழுங்கிவிடும் என்பது வேறு செய்தி!

அவ்வூரார் நெய்த கட்டமிட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை சென்றது. 'மதராஸ் கைக்குட்டை' என்பது அதன் வாணிகப் பெயர். உடுத்தியவர் மதராஸை அறிந்தார்; அனகாபுத்தூரை அறியார்; நெய்தவரையோ அறவே அறியார்.

ஓர் அஞ்சலட்டையில் பாட்டு, படம், தம் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதி நிலையத்திற்கு அனுப்பினால் போதும். பாட்டுக்கு முன் அறிவிப்பாளர் பெயர்களை அடுக்குவார். அவ்வரிசை நீளமானது; பாட்டை விரும்பினோர்க்குச் சலிப்பும் தந்தது. ஆனால் அதில் தம் பெயர் உள்ளவர்க்கு அதுவே பாட்டினும் இனிது. அடுத்த தறியிலிருந்து, "அண்ணே, உங்கள் பெயர் வருகிறது!" என்று குரல் எழும், ஓடும் நாடா நிற்கும். துணியோடு செல்லாத பெயர் காற்றோடு சென்று, ஊரறிய, நாடறிய ஒலிக்கும். அந்நொடியில் 'நேயர்' என்னும் சொல் வெறும் மரியாதை மொழியாக நில்லாது உண்மையாயிற்று.

அஞ்சலட்டையின் இடத்தை இன்று தொலைபேசி பெரிதும் பிடித்துக்கொண்டது. சொல் மட்டும் மாறவில்லை. கேட்பதோடு பார்க்கவும் செய்கின்ற தொலைக்காட்சியினரையும் தமிழ் 'நேயர்' என்றே அழைக்கிறது.