முள்ளைத் தேடும் கை

சைக்கிளின் ஆசனத்தின் பின்னால் தொங்கும் சிறு பையை எவரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. என் பையில் இருப்பவை அற்பமானவையே: டயரை நெம்ப இரண்டு இரும்புத் தகடுகள், ஒரு ஸ்பேனர், உப்புத்தாள், சொலூஷன், பழைய டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகள். காற்றுப் பம்பு சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கும். எனினும் 2022ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென அரசு அறிவித்தபோது, இந்தப் பையின் பெறுமதியை நாடே உணர்ந்தது. சைக்கிளின் விலை ஏறியது. ரப்பர் விளையும் நாட்டில் ஒரு டியூப் வாங்க ஆசிரியனொருவன் தன் சம்பளத்தை எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, நாலந்தாவில், காற்றிழந்த சைக்கிளைத் தள்ளிவந்த சிங்கள விவசாயி ஒருவரைக் கண்டேன். இருவரும் மரநிழலில் அமர்ந்தோம். அவர் கொணர்ந்த வாளித் தண்ணீரில் டியூப்பை அமிழ்த்தினோம். குமிழி துளையைக் காட்டியது. அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் பூசினேன். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. சற்று உலரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில் அவர் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, மயிரிழை போன்ற கம்பித் துண்டொன்றைப் பிடுங்கி எறிந்தார். “இது உள்ளே இருந்தால் எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை, மாஸ்டர்” என்றார்.

நாங்கள் அமர்ந்திருந்த அந்த வீதிக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த ஏழை மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் மடிந்தோர் பலர். 1876இல் பிரேசில் ரப்பரின் நாற்றுகள் லண்டன் கியூ பூங்கா வழியாக ஹெனரத்கொடைக்கு வந்தன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பின்னர் உலகம் ரப்பருக்காக ஏங்கியது. இந்நாட்டில் பால்வெட்டிய கைகளிற் பல அந்த நடைவழி மக்களின் சந்ததியாருடையவை.

1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1952இலோ சீனாவுடன் செய்த ஒப்பந்தத்தின் மூலம் அதே ரப்பரைக் கொடுத்து நாடு அரிசி பெற்றது. ஊருக்குச் சோறிட்ட கைகளுக்கு ஊர் இல்லை! 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒட்டுக்குமேல் ஒட்டு! ஒவ்வொன்றும் தேவைப்பட்டதே. ஆனால் காணியும் வீடும் உழைப்புக்கேற்ற கூலியும் மறுக்கப்படும் நிலை என்னும் முள் உள்ளேயே தங்கிவிட்டது.

ஒட்டுப் போடுவதை நான் இகழவில்லை. இன்று வீடு சேர வேண்டியவனுக்கு ஒட்டே துணை. ஆகவேதான் பையைச் சுமக்கிறேன். என் மாணவருக்கும் அந்தக் கைவேலையைக் கற்பிக்கிறேன். எண்ணெய் படிந்த கையை இழிவெனக் கருதும் கல்வி அரைகுறைக் கல்வியன்றோ? ஆனால் துண்டை ஒட்டிவிட்டு எழுந்து போக அவர்களை நான் விடுவதில்லை. டயருக்குள் கையை நுழைத்து, முள் எங்கே எனத் தேடச் சொல்கிறேன். அவசரப்பட்டால் விரலில் குத்தும். ஆயினும் தேடியே தீரவேண்டும்.