ஒரு கம்பம், மூன்று செட்

வயர்லெஸ் செட் ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன் நான். போடியில் இருந்த கடையைத் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டு இப்போது சிலமலையில் வீட்டோடு இருக்கிறேன். என்னை எழுத வைத்தது ஒரு டி கனெக்டர். போடிமெட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் நான் பொருத்திக் கொடுத்திருந்த ஆன்டெனா சுவிட்ச் பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அதைத் திருகியிருக்கிறார்கள். செய்தவர் சுறுசுறுப்பான பையன்தான். "ரெண்டு செட்டுலயும் நல்லா கேட்குதுண்ணே. இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டுப் பெரிய டப்பா?" என்றார்.

கேட்கும். ஆனால் செட் என்பது பேசவும் செய்யும். 25 வாட் செட்டின் மைக்கை அழுத்தினால் டி-யின் ஒரு கையில் ஆன்டெனா 50 ஓம், மறு கையில் பக்கத்து செட் 50 ஓம். இரண்டும் பேரலலில் 25 ஓம். திரும்பி வரும் பவரைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டுக்கு ஏறும்; அதைச் செட் தாங்கிக்கொள்ளும். திரும்பி வந்தது போக மீதியில் பாதி, ஏறக்குறைய 11 வாட், பக்கத்து செட்டின் ரிசீவருக்குள் போகிறது. கால் மைக்ரோவோல்ட் சிக்னலைப் பிடிப்பதற்கென்று வைத்த டிரான்சிஸ்டர் அதற்கு என்ன பதில் சொல்லும்? முதல் அழுத்தலிலேயே போகலாம், பத்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்தும் போகலாம். போனபின், "செட்டு சரக்கு மட்டம்" என்பார்கள்.

ஆளுக்கொரு ஆன்டெனா வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்திராதவர்கள். ஏலம் மர நிழலில் வளரும் பயிர். நிழல் மரத்தை வெட்ட முடியாது. ஆன்டெனா அந்த மரத் தலைக்கு மேலே நிற்க வேண்டும். அத்தனை உயரத்துக்கு ஜி.ஐ. பைப் ஏற்றி, ஸ்டே கம்பி கட்டி, பாறையில் எர்த் எடுப்பது ஒரு கம்பத்துக்கே பெரும்பாடு. சித்திரை இடியும் ஐப்பசி இடியும் மெட்டில் எப்படி இறங்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதலாக இறங்கும் ஒவ்வொரு கேபிளும் இடிக்குப் போட்டுக் கொடுக்கிற இன்னொரு வழி. அதனால்தான் ஒரு கம்பம், ஒரு ஆன்டெனா.

செட் மட்டும் ஏன் பல? அந்தக் காலத்து செட் கிரிஸ்டல் போட்டு ஓடியது. கிரிஸ்டலுக்கு உரிய அலைவரிசை தவிர வேறொன்றில் அது பேசாது. மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறைத் தோட்டத்தோடு பேச ஒரு செட், கீழே போடி ஆபீசோடு பேச ஒரு செட், ஒன்று படுத்தால் எடுத்து வைக்க இரண்டு கிரிஸ்டலும் போட்ட ஸ்பேர் ஒன்று. போடியிலிருந்து பூப்பாறைக்கு வி.எச்.எஃப். நேராகப் போகாது, நடுவில் மலை நிற்கிறது. மெட்டில் உட்கார்ந்திருப்பவர் இந்தக் காதில் வாங்கி அந்த வாயில் சொல்ல வேண்டும். லைசென்ஸ் எடுத்து முறையாக நடந்த தோட்டங்களில் விலை நிலவரமும், ஜீப் புறப்பட்ட சேதியும், ஆளுக்கு உடம்பு சரியில்லை என்ற தகவலும் இப்படித்தான் மலையேறி இறங்கின.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரை வாத்தியார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ராணுவ சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரிடம் சேர்ந்த புதிதில் செட்டைத் தொட விடவில்லை. கேபிளை வெட்டி பி.எல்-259 கனெக்டர் கட்டுவதுதான் வேலை. அதில் நான்கு சிறு துளைகள் இருக்கும். உள்ளே இருக்கும் பின்னல் கம்பியோடு அந்த நான்கு துளை வழியாகவும் ஈயம் இறங்கிப் பிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் பாலித்தீன் உருகவும் கூடாது. சின்ன அயர்ன் போதாது, பெரிய அயர்னை வைத்தால் ஒரு கணம் அதிகமானாலும் நடுக்கம்பி சாய்ந்துவிடும். நான் கட்டியதை அவர் கத்தியால் நீளவாக்கில் பிளந்து உள்ளே பார்ப்பார். துளையில் ஈயம் பளபளவென்று இருக்கும், உள்ளே பின்னலில் ஒட்டியிருக்காது. "வெளிய மினுக்கி என்னடா, உள்ள பிடிச்சிருக்கா பாரு" என்று திரும்ப வெட்டச் சொல்வார். இன்றைக்கு கிரிம்ப் வந்துவிட்டது. அதையும் சரியான டையில் அழுத்தினால் குற்றமில்லை. கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டு கிரிம்ப் என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

வாத்தியாரின் மூளையை நான் நேராகப் பார்த்தது ஒரு செட்டு விஷயத்தில். ஒரு தோட்டத்து செட் மாதக்கணக்கில் படுத்தி எடுத்தது. முதல் டிரான்சிஸ்டரை மாற்றினால் நன்றாகக் கேட்கும். நாள் போகப் போகக் காது மந்தமாகும். மறுபடி கடைக்கு வரும். அப்படி ஒரு முறை வந்தபோது வாத்தியார் டிரான்சிஸ்டர் டப்பாவைத் திறக்கவே விடவில்லை. "செட்டை விடு, அது எதுல மாட்டியிருந்துச்சோ அதைக் கொண்டாடா" என்றார். கொண்டுவந்தேன். முன்பு யாரோ ஒருவர் பழைய வால்வு ரேடியோவின் பேண்ட் சுவிட்சைத் தகர டப்பாவில் வைத்து, மூன்று செட்டுக்குப் பிரித்துவிட்டிருந்தார். சுத்தமான கை வேலை. ஒவ்வொரு கான்டாக்ட்டும் மீட்டரில் சரியாகக் காட்டியது.

வாத்தியார் ஒரு வாயில் 25 வாட் கொடுத்தார். ஆன்டெனா வாயில், ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு வைத்தார். யாருக்கும் திறக்காத பக்கத்து வாயில் ஒரு 50 ஓம் வைத்து அளந்தார். அங்கே 50 மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் மேலாக நின்றது. மூடியிருக்கிற வாயில்! காரணத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பக்கத்துப் பக்கத்துக் கான்டாக்ட்டுகளுக்கு நடுவே ஒரு பிகோஃபாராட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. மீடியம் வேவ் ரேடியோவில், 1 மெகாஹெர்ட்ஸில், அது ஒன்றரை லட்சம் ஓமுக்கு மேல், சுவர் மாதிரி. 150 மெகாஹெர்ட்ஸில் அதே ஒரு பிகோஃபாராட் சுமார் 1060 ஓம்தான். சுவரில் கதவு வைத்த கதை. ஏறக்குறைய நானூற்றைம்பதில் ஒரு பங்கு அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு செட் பேசும்போதெல்லாம் பக்கத்து செட்டின் காதில் அடி விழுந்துகொண்டிருந்தது.

ஆன்டெனா சுவிட்சின் வேலை செட்டையும் ஆன்டெனாவையும் சேர்ப்பது என்றுதான் ஊர் முழுக்க நினைக்கிறது. சேர்ப்பதற்கு இரண்டு முழம் கம்பி போதும். காசு கொடுப்பது மற்ற செட்டுகளைப் பிரித்து வைப்பதற்கு. நல்ல சுவிட்சைத் திறந்து பாருங்கள்: வார்ப்பு அலுமினியத்தில் ஒவ்வொரு கான்டாக்ட்டுக்கும் தனி அறை குடைந்திருப்பார்கள், வெள்ளி முலாம் பூசிய நாக்கு நடுவில் திரும்பும், உபயோகத்தில் இல்லாத வாய் எர்த்தில் போய் உட்காரும். அதில் 60 டெசிபல் பிரிவினை கிடைக்கும். 25 வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 25 மைக்ரோவாட் மட்டுமே அடுத்த செட்டுக்குப் போகும். 30 டெசிபல் சுவிட்ச் என்றால் 25 மில்லிவாட் போகும். சின்ன எண்ணாகத் தெரியும். 50 ஓமில் அது ஒரு வோல்ட்டுக்கு மேல். கால் மைக்ரோவோல்ட் கேட்கிற செட்டுக்கு நாற்பது லட்சம் மடங்குக்கும் கூடுதல்.

வாத்தியார் அதோடு விடவில்லை. எர்த்தில் உட்கார்ந்திருக்கிற செட்டின் மைக்கை யாராவது மறதியாக அழுத்திவிட்டால் அந்த செட் ஷார்ட்டுக்குள் பேசும், ஃபைனல் டிரான்சிஸ்டர் போய்விடும். ஆகவே அவர் கட்டிய பெட்டியில் கோஆக்ஸ் ரிலேக்கள், முன்னால் ஒரு ரோட்டரி சுவிட்ச். அதன் ஒரு தட்டு ரிலேக்களை இழுக்கும், இன்னொரு தட்டு வழியாக, மைக்கை அழுத்தினால் செட்டைப் பேச வைக்கிற பி.டி.டி. கம்பி போகும். எந்த செட்டுக்கு ஆன்டெனா இருக்கிறதோ அதன் மைக் மட்டும்தான் வேலை செய்யும். மற்ற செட்டுகள் ஆளுக்கொரு டம்மி லோடில் நிற்கும். கரண்ட் போனால் ஆன்டெனா தானாக எர்த்துக்குப் போகும். பையன் டப்பா என்று சொன்னது இதைத்தான்.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். சுவிட்ச் போட்டால் ஒரு நேரத்தில் ஒரு செட்டுக்குத்தான் காது. மற்றவை செவிடு. அதனால் பேசி முடித்ததும் குமிழைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பது ஸ்டோரில் சட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டே ஆக வேண்டும் என்றால் கேவிட்டி ஃபில்டர் வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது ஆன்டெனாவை அதே கம்பத்தில் நேர் கீழே போதிய இறக்கத்தில் கட்ட வேண்டும். மலிவு வழி கிடையாது.

இப்போது வரும் சின்ன செட்டுகளில் முன்வாசலே கிடையாது, எல்லா அலையும் உள்ளே வரும். கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கக் கணீரென்று கேட்கிற நிலையம். உயரமான ஆன்டெனாவில் இந்த செட்டை மாட்டினால் அந்த பலத்தில் திணறி, தூரத்துக் குரலை விட்டுவிடும். உடனே சுவிட்ச் மேல் பழி. கேபிளிலும் இதே கதை. 30 மீட்டருக்கு ஆர்.ஜி-58 இழுத்தால் 25 வாட்டில் ஆறு வாட்தான் மேலே ஏறும், ஆர்.ஜி-213 இழுத்தால் பாதி ஏறும். மெல்லிசு கேபிள் வளைக்கச் சுலபம் என்பதற்காக முக்கால்வாசியைச் சூடாக்கி விடுகிறார்கள். கனெக்டரில் ரப்பர் டேப் சுற்றுவதும் இல்லை. மெட்டில் பனி இறங்குகிற ஊரில், ஒரே மழைக்காலத்தில் பின்னல் கறுத்துப் போகிறது.

செல்போன் இருக்க இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். 2004 டிசம்பர் சுனாமியில் அந்தமானில் தொடர்பு அறுந்தபோது, போர்ட் பிளேருக்கு ஹாம் ரேடியோவோடு போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும்தான் வெளியுலகத்துக்குச் சேதி சொன்னார்கள். குரங்கணிச் சரிவில் நின்று சிக்னல் தேடிச் செல்போனைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கும் விடை தெரியும்.

எனக்கு வருத்தம் பையன் மேல் இல்லை. அவர் கையில் யாரும் ஒரு டம்மி லோடைக் கொடுத்து, மூடிய வாயில் எவ்வளவு கசிகிறது என்று அளக்கச் சொன்னதில்லை. மேலே 60 டெசிபல் என்று அச்சடித்த சுவிட்ச் ஒன்றைத் தம்பி மகன் வாங்கி வந்தான். 145 மெகாஹெர்ட்ஸில் அளந்தால் முப்பதைத் தாண்டவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே அறையும் இல்லை, எர்த்தும் இல்லை, தகட்டில் ஒரு நாக்கு மட்டும். அதையும் மாட்டி பில் போடுகிறார்கள்.

மலைமேல் பொருத்துவதற்கு முன்னால் சுவிட்சைப் பெஞ்சில் வைத்து எல்லா வாய்க்கும் 50 ஓம் கட்டி அளந்து பாருங்கள். அளக்கக் கருவி இல்லாதவர்கள் சிலமலைக்கு எடுத்து வரலாம். என் பெஞ்சும் மீட்டரும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன, காசு வேண்டாம்.