சின்ன வண்டிக்குப் பெரிய ஆக்சில்

மாருதி ஜிப்ஸியைப் பலருக்கும் தெரியும். அதன் கூடப்பிறந்ததுதான் சுசுகி சாமுராய். அமெரிக்காவில் 1985 முதல் 1995 வரை விற்றது. 1.3 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. இப்படிப்பட்ட சாது வண்டியில் ஆக்சில் எப்படி உடைகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியர் 3.65, டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 2.27, டிஃப்ரன்ஷியல் 3.73. பெருக்கினால் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 31 மடங்காகிறது. பாறை ஏறுபவர்கள் அந்த 2.27-ஐ 6.5 ஆக்குவார்கள். 31 மடங்கு 88 ஆகிவிடும்! கூடவே 33 அங்குல டயர். சக்கரம் பாறை இடுக்கில் சிக்கினால், சுழல வழியில்லாத ஆக்சில் ராடு முறுக்கிக்கொண்டு... டப்!

அதனால்தான் 1979-85 டொயோட்டா பிக்கப்பின் ஆக்சில்களைக் கழற்றி இதில் மாட்டுகிறார்கள். ராடும் தடிமன், கிரவுன் வீல் 8 அங்குலம். ஆனால் ஐந்து போல்ட் ரிம்மை விட்டு ஆறு போல்ட் ரிம் வாங்க வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். வண்டியின் அகலம் கூடும், எடையும் ஏறும்.

இந்த எடைதான் யோசிக்க வேண்டிய விஷயம். பெரிய வண்டிகள் புதைந்த சேற்றில் சாமுராய் தாண்டிப் போனதே எடை குறைவு என்பதால்தானே? பலம் சேர்க்கச் சேர்க்க அந்தச் சாதகம் குறைகிறது. பாறை ஏறுபவருக்கு இந்த மாற்றம் தேவை. சேறு, மணல் மட்டும் போதும் என்பவர் டயரைச் சின்னதாக வைத்துக்கொண்டாலே பழைய ஆக்சில் தாங்கும். எங்கே ஓட்டப்போகிறது என்று முடிவு செய்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்!