பகிர்ந்துண்ட பாஸ்கா முட்டை

தவக்காலத்து ஒருசந்தியும் சுத்தபோசனமும் நம் இல்லங்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் முற்காலத்தில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினர் என்பதை நம்மில் பலர் அறியோம். மனிதர் நோன்பிருந்தாலும் கோழிகள் நோன்பிருப்பதில்லை அல்லவா? அவை இட்ட முட்டைகள் வீட்டில் சேர்ந்துகொண்டே போகும். உயிர்ப்புப் பெருவிழாவின்போது அவற்றை மந்திரித்து மகிழ்ந்து உண்டனர். உரோமைத் திருச்சபையின் பழைய சடங்கு நூலில் பாஸ்கா முட்டைகளை மந்திரிப்பதற்கெனத் தனிச் செபமே உண்டு.

இதனை நாங்கள் அறிந்தது, போலந்து நாட்டில் எங்கள் சம்பந்தி வீட்டுச் சமையலறையில்தான்.

வேலையின் பொருட்டுக் கிராக்கோவ் நகருக்குச் சென்ற எங்கள் மகன், 2021ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண் ஒருத்தியை மணந்தான். அவளும் கத்தோலிக்கப் பெண்தான். நாம் சொல்லும் அதே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்பவள்தான். ஆயினும் எங்கள் மனம் ஒப்பவில்லை. கொள்ளை நோயைக் காரணம் காட்டித் திருமணத்திற்குச் செல்லாதிருந்துவிட்டோம். உண்மைக் காரணம் அதுவன்று என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகள் தொலைபேசியில் நலம் விசாரித்தோமேயன்றி, மருமகளின் பெயரை எங்கள் வாயால் ஒருமுறையும் சொன்னதில்லை. பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்திற்கு அழைப்பு வந்த பின்னரே, 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், பெரிய வாரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

புதன்கிழமை மாலை, சம்பந்தியம்மாள் அவித்து ஆறவைத்த வெள்ளை முட்டைகளை மேசைமீது பரப்பினார். கோலமிட்ட முட்டைகளை அங்கே 'பிசாங்கி' என்கின்றனர். 'எழுதுதல்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சிறு குச்சியில் குண்டூசி செருகி, அதன் தலையை உருகிய தேன்மெழுகில் தோய்த்து முட்டைமேல் எழுதவேண்டும். பின்னர் வெங்காயச் சருகை வேகவைத்து இறுத்த சாயத்தில் சிறிது காடி சேர்த்து, முட்டையை அதில் ஊறவிடவேண்டும். சாயம் நன்றாக ஆறியிருத்தல் அவசியம்; சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். செம்பழுப்பு நிறம் ஏறியபின் முட்டையை மெழுகுவர்த்திச் சுடரின் அருகே காட்டித் துணியால் துடைத்தால், மெழுகு இருந்த இடமெல்லாம் வெண்ணிறக் கோடுகளாகத் துலங்கும்.

எங்களுக்கும் ஒரு முட்டையும் குச்சியும் கொடுத்தார்கள். என்ன எழுதுவது என்று வெகுநேரம் விழித்தோம். முடிவில், இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதாத மருமகளின் பெயரைத் தமிழில் எழுதினோம். வெள்ளை ஓட்டின்மேல் அது எவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படவில்லை. நாங்களே அதனைச் சாயத்திலிட்டு, நாங்களே துடைத்து, மற்ற முட்டைகளின் அடியில் வைத்துவிட்டோம்.

பெரிய சனிக்கிழமையன்று ரொட்டி, உப்பு, இறைச்சி, ஆட்டுக்குட்டி வடிவில் செய்த வெண்ணெய், முட்டைகள் ஆகியவற்றைக் கூடையில் வைத்து வெள்ளைத் துணியால் மூடிக் கோவிலுக்குக் கொண்டுசென்றோம். குருவானவர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார்.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் உண்ணுமுன், மந்திரித்த முட்டையைத் துண்டுகளாக்கி ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிப் பங்கிடுவது அங்குள்ள வழக்கம். சம்பந்தி கூடையில் கைவிட்டு எடுத்தது எங்கள் முட்டையையே. எழுத்து புரியாமல் அதனை எங்கள் மகனிடம் நீட்டினார். அவன் பார்த்தான், சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு மனைவியின் பெயரை உரக்க வாசித்தான். அந்தப் பெண் ஓட்டினைப் பத்திரமாக உரித்துத் தனியே வைத்துவிட்டு, முட்டையை ஆறு துண்டாக்கி, முதல் துண்டுகளை எங்களிடம் நீட்டி, "அத்தை, மாமா" என்றாள். அவள் கற்றிருந்த தமிழ் அவ்வளவே. எங்களுக்கோ அந்தத் தமிழும் வாயில் வரவில்லை. அவளுடைய பெயரை மட்டும் சொன்னோம்.

அன்று உண்ட 'ஜூரெக்' என்னும் சூப்பும் மறக்கவொண்ணாதது. ரை மாவைச் சில நாள்கள் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சி, அவித்த முட்டையும் இறைச்சியும் இட்டுத் தருகின்றனர். புளித்த மாவின் மணம் எங்கள் வீட்டு இட்டிலிப் பானையை நினைவூட்டியது.

மிஞ்சிய முட்டைகளைக் கொண்டு சம்பந்தியம்மாள் செய்த பண்டம் நம் வீட்டுக்கும் ஏற்றது. அவித்த முட்டையைக் கூரிய கத்தியால் ஓட்டோடு நீளவாக்கில் இரண்டாக அறுத்து, உள்ளிருப்பதை ஓடு உடையாமல் எடுத்துப் பொடியாக நறுக்குங்கள். வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், வெங்காயத்தாள், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து மீண்டும் ஓட்டில் நிரப்புங்கள். திறந்த பக்கத்தை ரொட்டித்தூளில் ஒற்றி, அப்பக்கம் கீழே இருக்குமாறு வெண்ணெயில் பொன்னிறமாகச் சுட்டெடுங்கள். நாங்கள் கொத்தமல்லித் தழையும் சேர்க்கிறோம்.

இப்போதெல்லாம் பாஸ்காத் திருவிழிப்புத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் ஒரு முட்டையை நாங்களும் பங்கிடுகிறோம். வாழ்த்தும்போது தொலைவிலுள்ள மூவரையும் பெயர் சொல்லியே வாழ்த்துகிறோம். அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் நெடுநாளாகச் சொல்லப்படாத பெயர் ஏதேனும் இருக்கக்கூடும். வரும் உயிர்ப்புப் பெருவிழாவன்று அதனைச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்துதான் கடினம்.